அறுபத்தாறு சென்டிமீட்டர்

கதவு அறுபத்தாறு சென்டிமீட்டர் என்று சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. நாக்கு கூசாமல் சொன்னேன். அதுவும் போனில் குரலைக் கொஞ்சம் இழுத்து, எனக்கே வருத்தம் தாங்கவில்லை என்பதுபோலச் சொன்னேன்.

என் வேலை இதுதான். நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், பேச்சுக் குழறுகிறவர்கள் என்று பன்னிரண்டு பதின்மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை, நாலு நாள் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவது. எல்லாரும் வளர்ந்த ஆட்கள். வழியனுப்ப வருகிற சொந்தக்காரர்கள் சிலர், "பிள்ளைங்கள பத்திரமா பாத்துக்குங்க" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பேத்தி எடுத்தவர்.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு மாதம் முன்னால் நான் தனியாகப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வருவேன். விடுதிக்காரர்கள் போனில் எல்லா வசதியும் உண்டு என்பார்கள். போய்ப் பார்த்தால் சாய்தளம் இருக்கும், அதன் உச்சியில் ஒரு படியும் இருக்கும். அதனால் எதையும் நம்புவதில்லை. கட்டில் உயரம், கழிப்பறை உயரம், சாய்தளத்தின் நீளம் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொள்வேன். கதவை அளப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலைக்கு நிலை அளந்தால் ஏமாந்துபோவோம். கதவை முழுக்கத் திறந்து வைத்து, பலகையின் விளிம்பிலிருந்து எதிர் நிலை வரைக்கும் அளக்க வேண்டும். சக்கர நாற்காலி போவது அந்த இடைவெளியில்தான். பதினோரு வருஷத்தில் என் அளவு தப்பியதாக ஒருத்தர் சொன்னதில்லை. "அவங்க சொன்னா சொன்னதுதான்" என்று எங்கள் ஆட்கள் வெளியாட்களிடம் பீற்றிக்கொள்வார்கள். நானும் காதில் விழாத மாதிரி நின்று கேட்டுக்கொள்வேன்.

இந்தத் தடவை கடல். விடுதியின் புதுக் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஏழு அறைகள். குளியலறைக் கதவு ஒவ்வொன்றும் எண்பத்திரண்டு சென்டிமீட்டர். அதை எழுதும்போதே எனக்குக் குஷியாகிவிட்டது. எண்பத்திரண்டு என்றால் ராஜ வாசல்.

அப்படியானால் அறுபத்தாறு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் வாயிலிருந்துதான் வந்தது.

எங்கள் கூட்டத்தில் பெயிண்டர் அண்ணன் என்று ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. சாரத்தில் நின்று மூன்றாவது மாடிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர், பலகை நழுவிக் கீழே விழுந்தார். கழுத்தெலும்பில் அடி. கால் இரண்டும் போயிற்று. தோளும் முழங்கையும் பிழைத்தன, விரல்கள் மடங்காது. ஆனால் உள்ளங்கையை வைத்தே நாற்காலியை ஓட்டிக்கொண்டு அவர் போகிற வேகத்துக்கு நான் ஓடத்தான் வேண்டும். சக்கரத்துக்கு வெளிப்பக்கம் கையால் தள்ளுவதற்கென்று ஒரு வளையம் இருக்குமல்லவா, அதில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றி வைத்திருப்பார். உள்ளங்கை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு நாலு தெரு. ஒரு நாளும் யாரையும் தள்ள விட்டதில்லை. யாராவது பின்னால் கை வைத்தால், "நான் என்ன காய்கறி வண்டியா?" என்பார்.

அவரோடு வந்த கஷ்டம் காலை நேரம். அந்த மாதிரி அடிபட்டவர்களுக்கு வயிறு கழிவதற்கு ஒன்றரை மணி நேரமாகும். பிறகு குளியல், உடுப்பு. போன வருஷம் மலைக்குப் போனபோது, எட்டரை மணிக்குக் கிளம்ப வேண்டிய பஸ் மூன்று நாளும் பத்து மணிக்குத்தான் கிளம்பியது. பன்னிரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார்கள். ரோப் காருக்குப் பதிவு செய்திருந்த நேரமும் போய்விட்டது. அவரிடம் ரோப் கார் பழுது என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கள் தொழிலில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மனுஷனிடம் உன்னால்தான் என்று சொல்ல வாய் வராது. படி, லிஃப்ட், கதவு என்று எதையாவது காட்டிவிடுவோம். சுவர் திருப்பிக் கேட்காது பாருங்கள்.

ஊர் திரும்பியதும் உதவியாட்கள் இரண்டு பேரும் என்னிடம் வந்தார்கள். அதில் மூத்தவனைப் பயில்வான் என்று கூப்பிடுவோம். ஆள் மெலிசுதான், பெயர் அப்படி. பெயிண்டர் வந்தால் அடுத்த தடவை நாங்கள் வரவில்லை என்று மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொன்னான். முதுகு போய்விட்டதாம், ஒரு நாளும் காலைச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கவில்லையாம். அவன் சொன்னதில் பொய்யில்லை. நல்ல உதவியாள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். அதனால் கடல் பயணத்துக்குப் பெயர் கொடுக்க அண்ணன் போன் பண்ணியபோது, குளியலறைக் கதவு அறுபத்தாறுதான் அண்ணே என்றேன். அவர் நாற்காலி அறுபத்தொன்பது. அது என் நோட்டில் இருக்கிறது.

போனிலேயே வாய்விட்டுக் கணக்குப் போட்டார். பிறகு சிரித்தார். "மூணு சென்டிமீட்டர்ல போச்சா? சரி விடு தங்கச்சி, கதவு என்ன பண்ணும் பாவம்" என்றார். அடுத்த தடவை பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. டீ போட்டுக் குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து அலுவலக வாசலில் அவர் அக்காவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், அண்ணன் உட்கார்ந்திருக்கிறார், அக்கா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறாள். அவரை ஒருத்தர் தள்ளி நான் பார்த்ததே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பதறி எழுந்தேன். அவர் முகத்தில் அப்படியொரு குறும்பு.

"டேப்ப எடு. நம்ம வண்டிய அளந்து பாரு" என்றார்.

குனிந்து அளந்தேன். அறுபத்துநாலு. என் கண்ணையே நம்ப முடியாமல் இன்னொரு தடவை அளந்தேன். அப்போதுதான் பார்த்தேன், இரண்டு சக்கரத்திலும் வளையம் இல்லை. இருந்த இடத்தில் ராவி விட்ட இரும்பு நுனிகள் ஆறு ஆறு பளபளவென்று நின்றன. திருகு போட்டதாக இருந்தால் கழற்றி மாட்டலாம். இது வெல்டிங் வைத்தது, மெக்கானிக் அறுத்துத்தான் எடுத்திருக்கிறான். திரும்ப ஒட்டினால் சக்கரம் கோணும், புதுச் சக்கரம் வரவழைக்க மூன்று மாதமாகும் என்று அவன் முதலிலேயே சொல்லிவிட்டானாம்.

"மூணு மாசம்தானே, அக்கா தள்ளுவா. கடல் எங்க போய்டும்னு சொல்லாத. மலைன்னா பாத்துட்டு வரலாம், கடல்னா உள்ள எறங்கலாம். தண்ணில போற நாற்காலி அங்க இருக்குன்னு நீதானே நோட்டீஸ்ல போட்ட" என்றார். கழுத்து வரைக்கும் நனைய வேண்டுமாம். விழுந்ததிலிருந்து வாளித் தண்ணீர்தான். அக்கா நடுவில் புகுந்து, நாலு நாளும் தான் வீட்டில் படுத்துத் தூங்கப் போவதாகச் சொன்னாள். மூன்று வருஷமாக ஒரு முழுத் தூக்கம் இல்லையாம். சொல்லும்போதே அவளுக்குக் கொட்டாவி வந்தது, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, அந்தக் கதவு எண்பத்திரண்டு. இவ்வளவுதான் வாக்கியம். வாய் திறந்தேன், "பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மிச்சம்ணே" என்று வந்தது. அவர் பெயரைப் பட்டியலில் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

எங்கள் பஸ்ஸை ஓட்டுவது என் வீட்டுக்காரர். சாயங்காலம் அவர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிடு என்றார்.

"எப்படிச் சொல்றது?"

"பொய் எப்படிச் சொன்னியோ அப்படித்தான். வாயால."

எனக்கு வந்த கோபத்தில் அவரை நன்றாகத் திட்டினேன். மனுஷன் மனசு உடைந்துபோகும், அறுத்ததை ஒட்டவா முடியும், உங்களுக்கென்ன ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துகொள்வீர்கள் என்று ஏதேதோ பேசினேன். அவர் மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். பேசாமல் இருக்கிற ஆளிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது.

மறுநாள் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. விடுதிக்குப் போன் பண்ணினேன். ஒடுக்கமான கதவு உள்ள குளியலறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். மேலாளர் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து, எல்லாமே அகலம்தான் மேடம், கவலைப்படாதீர்கள் என்றார். இல்லை, ஒடுக்கமாகத்தான் வேண்டும் என்றேன். பதினோரு வருஷமாக அகலமான கதவைத் தேடித் தேடி ஊர் ஊராக அலைந்தவள், அன்றைக்கு ஒடுக்கமான கதவுக்குக் கெஞ்சிக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துவிட்டு, பின்பக்கம் பழைய கட்டடத்தில் ஓர் அறை உண்டு, கதவு அறுபத்தேழு, ஆனால் யாருக்கும் கொடுப்பதில்லை, கடல் தெரியாது, ஜெனரேட்டர் சத்தம் வேறு என்றார். அதைக் கொடுங்கள் என்றேன். அண்ணனிடம் முன்பக்கத்து அறைகள் நிறைந்துவிட்டன என்று சொல்லிக்கொள்ளலாம்.

பயில்வானிடம் பேச இருபது நிமிஷம்தான் ஆயிற்று. அண்ணனுக்கென்று தனியாக ஒரு உதவியாளைப் போட்டேன். காலையில் பஸ் மற்றவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அவரைக் கூட்டிப்போகும் என்று ஏற்பாடு. என் வீட்டுக்காரர், இன்னொரு நடை அடிப்பதற்கு எனக்கென்ன என்றார். பயில்வானும் அப்படியென்றால் சரி என்றுவிட்டான். இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த வளையம் சக்கரத்தோடு இருந்திருக்கும். அதை நினைக்காமலிருக்க, அந்த வாரம் முழுக்க அலுவலக அலமாரியை எல்லாம் காலி பண்ணித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்த அன்று, அண்ணன் குளியலறைக்குள் போவதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. விஷயம் எல்லாருக்கும் தெரியும். கதவுக்காகச் சக்கர வளையத்தையே அறுத்த மனுஷன் என்று பஸ்ஸில் அதே பேச்சு. புது உதவியாள் மெதுவாகத் தள்ள, நாற்காலி நிலையை உரசி உரசி உள்ளே போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணன் நிலையை ஏற இறங்கப் பார்த்தார். இருபத்தைந்து வருஷம் கதவுக்குப் பெயிண்ட் அடித்த கண்.

"அறுபத்தேழு இருக்கும் போலிருக்கே. தங்கச்சி ஒண்ணு கொறச்சுச் சொல்லிருக்கா. பரவால்ல, கொறச்சுச் சொன்னாத்தான் நமக்குப் பாதுகாப்பு" என்றார்.

நானும் சிரித்தேன். சிரித்த வாயை மூடத் தெரியாமல் அங்கேயே நின்றேன். எவ்வளவு கேவலமாக இருந்தது தெரியுமா?

இரண்டாம் நாள் சாயங்காலம், எல்லாரும் ஊர் சுற்றித் திரும்பிய பிறகு பழைய கட்டடத்துப் பக்கம் போனேன். நடைபாதையில் அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உதவியாள் துண்டு எடுக்கப் போனவன், அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு முழத் தூரத்தில் சுவர். அந்தப் பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டேன். கால் மணி இருக்கும் என்றார். இந்தச் சுவரில் மூன்று பூச்சு இருக்கிறது, கடைசிப் பூச்சு அடித்தவன் அவசரக்காரன், ஈரம் காயும் முன்னால் அடித்திருக்கிறான் என்று விளக்கமும் சொன்னார். பிறகு, "கொஞ்சம் திருப்பி விடு தங்கச்சி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை நான் கேட்டதில்லை. திருப்பி விட்டேன். எங்கே போகட்டும் என்று கேட்டேன். எங்கேயாவது, ஆள் நடமாட்டம் இருக்கிற பக்கம் என்றார்.

புதுக் கட்டடத்துக்குக் கூட்டிப்போக முடியாது. அங்கே ஏழு அறையும் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அவர் கண்ணில் ஒரு குளியலறைக் கதவு பட்டால் போதும். அதனால் அவரை உணவுக்கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தேன். சாப்பாட்டு நேரம் இல்லை, அங்கேயும் ஆளில்லை. தனி அறையில் போட்டேன், சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன், கூட்டாளிகளோடு சேரவும் விடவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற அந்த மனுஷனை என்ன பாடு படுத்தினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கடலில் இறங்கினார். பெரிய மஞ்சள் சக்கரம் வைத்த மிதக்கிற நாற்காலியில், பயில்வான் ஒரு பக்கம், புது உதவியாள் ஒரு பக்கம். அலை வந்து கழுத்தைத் தொட்டபோது அண்ணன் கத்திய கத்தலில் கரையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் வெளியே வர மறுத்துவிட்டார். பயில்வானுக்கே முகமெல்லாம் பல்.

சாயங்காலம் அவரை உடுத்தி, அவருடைய நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் வரை போடப்பட்டிருக்கிற மரப்பாதையில் கொண்டுவந்து விட்டார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். விடுதியில் தங்கியிருந்த யாரோ ஒரு தம்பதி நின்று விசாரித்தார்கள். அண்ணன் என்னைக் காட்டி, "எல்லாம் இவளால. இவ அறுபத்தாறுன்னா அறுபத்தாறு. கண்ண மூடிட்டு நம்பி வண்டிய அறுக்கலாம்" என்றார். அவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை. அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்தக் கதவு அறுபத்தாறு இல்ல."

"அறுபத்தேழு. அதான் சொன்னேனே."

"அது நான் அப்புறம் தேடிப் பிடிச்ச ரூமு. மத்தவங்க இருக்கிற ரூம்ல எல்லாம் எண்பத்திரண்டு. முதல்ல அளந்தது அதைத்தான். உங்க பழைய வண்டி தாராளமா போகும்."

அவர் சிரிக்கப் போனார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் நேரமாவது, பஸ் காத்துக்கிடந்தது, உதவியாட்கள் வர மாட்டோம் என்றது. உங்களிடம் நேரே சொல்ல மனசு வரவில்லை என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மட்டமான சாக்கு என்று எனக்கே உறைத்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் மடியில் ஒட்டியிருந்த மணலைப் புறங்கையால் தட்டிவிட்டார். பிறகு நிதானமாக, "லேட்டாகுதுன்னு சொல்லிருந்தா நாலு மணிக்கே எந்திரிச்சிருப்பேனே" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ இத்தன வருஷமா சொன்ன அளவுல எது நிஜம்?"

எல்லாம் நிஜம்தான் அண்ணே, இது ஒன்றுதான் பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். ரோப் கார் நினைவுக்கு வந்தது.

அவர் கையைக் கீழே கொண்டுபோனார். என்னை விட்டுப் போய்விடத்தான். பழக்கத்தில் உள்ளங்கை வளையத்தைத் தேடி, இல்லாத இடத்தில் காற்றைத் தள்ளியது. பிறகு டயரிலேயே கையை வைத்து அழுத்தினார். ஈர மணல் ஒட்டிய டயர் வழுக்கி, நாற்காலி ஒரு சாண் கோணலாகத் திரும்பி நின்றது. இன்னொரு தடவை அழுத்தினார். அறுத்த இரும்பு நுனியில் பட்டு மணிக்கட்டுப் பக்கம் தோல் கிழிந்தது. நான் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. சுற்றும் முற்றும் பார்த்தார். என்னைத் தவிர யாரும் இல்லை.

"தள்ளு" என்றார்.

"எங்கண்ணே?"

"நீ இல்லாத இடத்துக்கு."

எழுந்து பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். பலகை பலகையாக நாற்காலி தடதடத்தது. அவருடைய பின்கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அதில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. பாதி தூரம் போனதும், இங்கே போதுமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்சம் என்றார். பாதை முடிகிற இடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், கடலைப் பார்த்தபடி நிறுத்தினேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிரேக்கையும் இழுத்துப் போட்டேன்.

"திரும்பக் கூட்டிட்டுப் போக எப்ப வரட்டும்?"

"நீ வராத. பயில்வான அனுப்பு."

"சரிண்ணே. பிரேக் போட்டிருக்கேன்."

அவர் திரும்பவில்லை. நான் பத்தடி நடந்திருப்பேன். மனசு கேட்காமல் நின்று பார்த்தேன். அவர் வலது பக்கம் குனிந்து, அப்புறம் இடது பக்கம் குனிந்து, ரத்தம் வழிந்த அந்தக் கையாலேயே இரண்டு பிரேக்கையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.